சோலியும் கூலியும்: கோட்டிகளின் உழைப்பு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க டாக்டர் வேண்டியதில்லை. ஒரே கேள்வி போதும். ‘சோலிக்குப் போறானா?’ போனால் அவன் மனுஷன். போகவில்லையென்றால் கோட்டி. வேலை என்ற சொல்லைக் காகிதத்தில்தான் எழுதுவோம். வாயில் வருவது சோலி.

இலத்தூர் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பக்கத்தில் இருக்கிறது. மேற்கே மலை. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்றோடு வந்து முகத்தில் அடிக்கும். குளத்துத் தண்ணீர், நெல்வயல், தென்னை என்று பார்ப்பவர்களுக்கு ஊர் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையில் நிலம் ஒரு கூட்டத்தாரிடம் இருந்தது. நிலத்தில் இறங்கும் கால் இன்னொரு கூட்டத்தாருடையது. நாங்கள் கால்.

எங்க சின்னையா, அதாவது அப்பாவின் தம்பி, நல்ல உழவர். மடை திறக்க, வரப்பு வெட்ட, நாற்றுமுடி சுமக்க அவரைத் தேடி ஆள் வரும். 1977 சாரலில் அவருக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். ராத்தூக்கம் போயிற்று. மலையிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னார். குற்றாலத்துத் தண்ணி தலையில் விழுந்தால் தெளியும் என்பது எங்கள் வட்டாரத்து நம்பிக்கை. கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய் அருவிக்குக் கீழே நிறுத்தினார்கள். தண்ணீர் விழுந்தது. குரல் நிற்கவில்லை. பிறகு கோயில், தர்கா, மாதா கோயில் என்று எல்லா வாசலும் மிதித்தாயிற்று. கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. மாத்திரை கொடுத்தார்கள். குரல் குறைந்தது, கை நடுங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடவுக்கோ அறுப்புக்கோ அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு பெரிய வீட்டு மாட்டுத்தொழுவில் கூப்பிட்டார்கள். விடியும் முன்னே போய்ச் சாணி அள்ள வேண்டும். தவிடு கரைக்க, வைக்கோல் போட, மாட்டைக் குளத்துக்குப் பத்த, திரும்பி வந்து பால் பாத்திரம் கழுவ. பொழுது அடைந்த பிறகு வீடு. மத்தியானம் பின்வாசலில் அவருடைய போணியில் சோறு விழும். கூலி கிடையாது. இப்படி மூன்று வருஷம்.

ஒரு நாள் எங்க ஆச்சி அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பையன்.

‘மொதலாளி, அவன் கோட்டின்னா அவன்கிட்ட எதுக்கு சோலி வாங்குதீய? சோலி வாங்குதீயன்னா கூலியக் குடுங்க.’

‘கோட்டிப் பயலுக்குத் துட்டு எதுக்குளா? வயித்துக்குச் சோறு போடுதோம்லா. அது தருமம்.’

நான் பிற்பாடு படித்த சட்டங்களையும் அறிக்கைகளையும் எல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களின் இரண்டு பக்கமாகப் பிரித்து அடுக்கிவிடலாம். ஒரு பக்கம் ஆச்சியின் கேள்வி. இன்னொரு பக்கம் மொதலாளியின் தருமம். மனநோயாளிகளுக்கு வேலை கொடுத்த வரலாறு என்று ஒன்று இருக்கிறது. அதில் வேலை மருந்தாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, தண்டனையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, இரக்கமாகவும் கொடுக்கப்பட்டிருக்கிறது. கூலியாகக் கொடுக்கப்பட்டது மிகக் குறைவு. தலித்துகளுக்கு இது பழகிய கதை. நம்முடைய முழு வரலாறும் கூலியில்லாச் சோலியின் வரலாறுதான்.

2

செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர், கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்று ஒரு சொல் இருந்தது. அரசுக்கும் கோயிலுக்கும் கீழ்ச்சாதியார் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலைக்கு அந்தப் பேர். இன்றைக்கு மாதச் சம்பளம் வாங்குகிறவரை ‘ஊழியர்’ என்கிறோம். சம்பளமே இல்லாத வேலையின் பேர் சம்பளக்காரரின் பேராக மாறியிருக்கிறது. சொல் ஏறிவிட்டது. அந்தச் சொல்லைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஏறினார்களா என்பது வேறு கேள்வி.

கும்பினி ஆட்சிப் பகுதிகளில் 1843-ஆம் வருஷத்து 5-ஆம் சட்டம் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்றது. திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்புப் பிரகடனம் 1855-ல் வந்தது. அடிமை போய்ப் பண்ணையாள் வந்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. எங்க சின்னையாவுக்கு நோய் வந்தது அதற்கு அடுத்த வருஷம். அதாவது, நாட்டில் ஒருவரையும் கூலியில்லாமல் கட்டி வைத்து வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான் அவர் அந்தத் தொழுவுக்குள் நுழைந்தார். முன்கடன் இல்லை, பத்திரம் இல்லை, சங்கிலியும் இல்லை. கோட்டி என்ற பேர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-ல் விளக்கினார். அந்த அடுக்கின் கடைசிப் படியைச் சேரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சேரிக்குள்ளும் இன்னொரு படி இருக்கிறது. கோட்டி அதில் உட்கார்ந்திருக்கிறான். நோய் சாதி பார்க்காது என்பார்கள். நோய் பார்க்காமல் இருக்கலாம். நோயாளிக்குக் கிடைக்கும் சோலி பார்க்கும். மேல்வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் மாடி அறை, சமையலாள், ‘தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லை’ என்ற மரியாதை. அவரைச் சாணி அள்ளச் சொல்லி யாரும் குணப்படுத்தப் பார்க்கவில்லை.

3

பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ பைத்தியத்தின் வரலாறு பற்றிய தன் நூலை 1961-ல் வெளியிட்டார். பாரிசில் 1656-ல் பொது ஆஸ்பத்திரி என்ற பெயரில் ஏழைகள், பிச்சைக்காரர்கள், வேலையற்றவர்கள், பைத்தியக்காரர்கள் எல்லோரையும் ஒன்றாக அடைத்ததை அதில் விரிவாகப் பேசுகிறார். அடைக்கப்பட்டவர்களுக்குள் பொதுவாக இருந்தது நோய் அல்ல, வேலை செய்யாமை என்பது அவர் வாதம். நம்ம ஊர் ‘சோலிக்குப் போறானா?’ என்ற கேள்வியை ஐரோப்பா கட்டடமாகவே கட்டிவிட்டது. அந்தக் கட்டடம் கப்பலேறி இங்கேயும் வந்தது.

சென்னையில் 1794-ல் வாலன்டைன் கொனொலி என்ற கும்பினி மருத்துவர் ஒரு பைத்தியக்கார விடுதியைத் தொடங்கினார். அது பிற்பாடு அரசுடையதாகி 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. திருவிதாங்கூரின் விடுதி திருவனந்தபுரத்தில் தொடங்கி ஊளம்பாறையில் நிலைத்தது. இந்தப் பக்கம் கீழ்ப்பாக்கம், அந்தப் பக்கம் ஊளம்பாறை. ஊர்ப் பெயரே வசவாக மாறிய இடங்கள் இவை.

1858-ல் வெள்ளையர் பைத்தியம் தொடர்பாக ஒரே வருஷத்தில் மூன்று சட்டங்கள் போட்டார்கள். 34-ஆம் சட்டமும் 35-ஆம் சட்டமும் புத்தி பேதலித்தவரின் சொத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றியவை. 36-ஆம் சட்டம் ஆளை விடுதியில் அடைப்பதைப் பற்றியது. சுற்றித் திரிகிற, ஆபத்தானவன் என்று தோன்றுகிற பைத்தியத்தைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தலாம். சொத்துள்ளவன் பைத்தியமானால் சொத்துக்குக் காவல். சொத்தில்லாதவன் பைத்தியமானால் அவனுக்கே காவல். திண்ணையும் உள்ளறையும் உள்ள வீட்டுப் பைத்தியம் உள்ளறையில் இருந்தது. வீடே ஓர் அறையாக இருந்தவன் எங்கே இருப்பான்? தெருவில்தான். 1912-ல் இவற்றை எல்லாம் சேர்த்து இந்தியப் பைத்தியச் சட்டம் வந்தது. 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் 1993-ல் நடைமுறைக்கு வரும்வரை, சுதந்திர இந்தியாவும் அதே 1912-ஐ வைத்துத்தான் காலம் தள்ளியது.

விடுதிக்குள் என்ன நடந்தது? வேலை நடந்தது. காலனிய இந்தியாவின் பைத்தியக்கார விடுதிகளில் நெசவு, தோட்டவேலை, மாவரைத்தல், கயிறு திரித்தல் என்று உள்ளே இருந்தவர்களை வேலையில் போட்டார்கள். வேலை மனதை அமைதிப்படுத்தும் என்பது மருத்துவர்கள் சொன்ன காரணம். விடுதிச் செலவு குறையும் என்பது கணக்கர்கள் கண்ட லாபம். இரண்டும் பொய்யில்லை. வேலை மனிதனுக்கு நல்லதுதான். சின்னையாவே தொழுவில் இருந்த நேரத்தில் மாட்டோடு பேசிக்கொண்டு அமைதியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்து என்று பேர் வைத்தவுடன் கூலி கேட்க முடியாமல் போய்விடுகிறது. மருந்து குடித்ததற்கு எவனாவது கூலி கேட்பானா?

இந்த வரலாற்றை ஒரே கறுப்பாகப் பூசுவதும் நியாயமில்லை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், உள்ளே இருப்பவர்கள் வெளியே போய் வாழ முடியும் என்று நம்பியவர். அங்கே தொழில் சிகிச்சை வளர்ந்தது. ரொட்டி சுடுவதும் தறி நெய்வதும் நடந்தன. அவர் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி, வேலை என்று பேசியது. மதுரையில் செல்லமுத்து அறக்கட்டளை 1992-ல் வந்தது, சென்னையில் தெருவில் திரிந்த பெண்களுக்காகப் பேனியன் 1993-ல் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. கால் நடக்காதவனும் உழைத்துச் சம்பாதிக்க முடியும் என்பதை எங்கள் வட்டாரம் அங்கேதான் கண்ணால் பார்த்தது. ஆனால் நடக்காத கால் கண்ணுக்குத் தெரியும். உடைந்த மனசு தெரியாது. தெரியாததால் அவனைச் சோம்பேறி என்றோ நடிக்கிறான் என்றோ சொல்லிவிடலாம். சேரிக்காரனைச் சோம்பேறி என்று சொல்ல இந்தச் சமூகத்துக்குக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்?

4

மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை பற்றிப் பேசும் அறிஞர்கள் பலர் இதைத் தொடுவதில்லை.

குளோர்புரோமசின் என்ற பழைய மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் எரிந்து கருகும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வியர்வை அதிகம் போய் உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி விஷமாகும். டாக்டர் சொல்வார்: ‘வெயில்ல நிக்காதீங்க, தண்ணி நெறையக் குடிங்க.’ நல்ல யோசனை. வெயிலில் நிற்காத கூலி வேலை எது? வயலா, செங்கல் சூளையா, ரோட்டு வேலையா? ராத்திரி மாத்திரை காலை எட்டு மணிவரை தூங்க வைக்கும். அறுப்புக்கு ஆள் எடுப்பது விடியக்காலையில். கை நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, அதைச் சாப்பிட்டால் நாக்கு வறளும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரின் உடம்பை மனதில் வைத்து எழுதிய சீட்டு அது. வயலில் நிற்கிற உடம்புக்கு மாற்றி எழுத யாரும் மெனக்கெடவில்லை.

அப்புறம் அந்தச் சீட்டை வாங்கப் போகிற நாள். தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. அதிலிருந்து மாவட்டத் திட்டம் 1996-ல் பிறந்தது, தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில். எங்க சின்னையா காலத்தில் மாத்திரைக்குப் போக பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று திரும்ப ஒரு பகல் முழுக்கப் போகும். தனியாகப் போக முடியாது, துணைக்கு ஆச்சி. அன்றைக்கு அவள் கூலியும் போச்சு. இரண்டு மாதம் போவார்கள், மூன்றாவது மாதம் நடவு வரும், போக மாட்டார்கள். குரல் திரும்ப வரும். ‘மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடலை’ என்று திட்டு விழும். சாப்பிடாததற்குக் காரணம் அறியாமை என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு நாள் கூலி என்று எழுத மாட்டார்கள்.

மாத்திரை எட்டாத இடத்தில் சங்கிலி எட்டியது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில், எங்கள் நெல்லைச் சீமை ஏர்வாடி அல்ல, ராமநாதபுரத்து ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்துக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. சங்கிலி பற்றி நாடு பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களின் நிலைமை பற்றி எவ்வளவு பேசினோம்? வீட்டில் எல்லோரும் கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற வீட்டில், பகல் முழுக்க ஒருவரைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள்? சங்கிலியின் ஒரு முனை கொட்டகைத் தூணில் இருந்தது. இன்னொரு முனை அந்த அடுப்பில் இருந்தது.

5

இனி சட்டத்துக்கு வருவோம்.

1995-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் மனநோயையும் ஊனங்களின் பட்டியலில் எழுதியது. ஆனால் அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீட்டைப் பார்வை, செவி, கைகால் என்று மூன்று வகைக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது மனநோயாளியின் கை வெறுங்கை. பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டு இலை போடாதது போல. அந்த இலை விழ இருபத்தோரு வருஷம் ஆனது. 2016 சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. அந்த நாலாவது ஒரு சதவீதத்துக்குள் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு எல்லோரும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். 1992-ன் மண்டல் தீர்ப்பின்படி ஊனமுற்றோர் ஒதுக்கீடு குறுக்குவாட்டில் ஓடுவது. தலித் நோயாளி தேர்வானால் பட்டியல் சாதி இடத்திலேயே எண்ணப்படுவார். இது பலருக்கும் தெரியாது. நம் இயக்கத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கதவுக்குச் சான்றிதழ் வேண்டும். மனநோயால் வந்த ஊனத்தை அளக்க இந்திய மனநல மருத்துவர் சங்கம் உண்டாக்கிய ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலை 2002-ல் அரசு ஏற்றது. அதில் நாலு தலைப்பு. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. எத்தனை வருஷமாக நோய் என்பதும் சேரும். கூட்டிப் பார்த்து 40 சதவீதம் வந்தால் சான்றிதழ். எங்க சின்னையா இன்றைக்கு அந்த வரிசையில் நின்றால் நாலாவது தலைப்பில் என்ன எழுதுவார்கள்? ‘வேலை செய்கிறார்’ என்றா? அப்படி எழுதினால் சதவீதம் இறங்கும். ‘செய்யவில்லை’ என்றா? அப்படியானால் மூன்று வருஷம் அந்தத் தொழுவில் சாணி அள்ளியது யார்? கூலி இல்லாத சோலிக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்து 2018-ல் நடைமுறையானது. சங்கிலி கூடாது என்று 95-ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 20-ஆம் பிரிவுக்குள் இருக்கும் ஒரு சின்ன வரி. மனநல நிறுவனத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் அதற்குத் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் படித்தபோது முற்றத்தில் நின்ற ஆச்சி எழுந்து வந்து கண் முன்னே நின்றாள். அவள் சுமார் 1980-ல் கேட்டதை நாடாளுமன்றம் 2017-ல் எழுதியிருக்கிறது. ஆனால் வரி ஆஸ்பத்திரிக் கேட்டோடு நின்றுவிடுகிறது. தொழுவுக்கும் சூளைக்கும் அது வரவில்லை.

வராவிட்டாலும் அங்கே வேறு சட்டம் இருக்கிறது. 1982-ல் ஆசியாட் கட்டடத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்றது. அந்தப் பிரிவில் ‘புத்தி தெளிந்தவர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கவில்லை.

கூலி கேட்பது நமக்கு எவ்வளவு விலையானது என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 உயிர் எரிந்தது. 1999 ஜூலை 23-ல், கூலி உயர்வும் சிறைப்பட்ட மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியோடு போனார்கள். இத்தனை கொடுத்த பிறகும், நம் வீட்டுக் கோட்டியின் கூலியை நாம் கணக்கில் எழுதவில்லை.

6

வெளிநாட்டில் இதற்கு ஒரு முறை கண்டிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்பவர்கள் வளர்த்தது. ‘முதலில் பயிற்சி, தேறினால் வேலை’ என்ற பழைய வழியைத் திருப்பிப் போட்டார்கள். வேலை வேண்டும் என்று கேட்கிறவரை முதலில் வெளியுலகச் சம்பள வேலையில் சேர்த்துவிடு. பிறகு கூடவே நின்று பழக்கு. மருத்துவக் குழுவிலேயே வேலைக்கென்று ஓர் ஆள் இருப்பார். முதலாளியிடம் பேசுவார், தடுமாறும்போது வந்து நிற்பார். பழைய பயிற்சிக் கூடங்களைவிட இந்த வழியில் அதிகம் பேர் வேலையில் சேர்ந்ததாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

இதைப் படித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. பயிற்சி கொடுக்காமல் நேராக வேலையில் இறக்குவது சேரிக்குப் புதுசா? சென்னையில் 1981 வாக்கில் மனச்சிதைவு தொடங்கிய 90 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் பத்து வருஷத்துக்குப் பிறகும் ஆண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். உதவித்தொகை இல்லாத நாட்டில் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆக, சோலி நமக்கு எப்போதும் கிடைத்தது. கிடைக்காதது கூட நிற்கிற அந்த ஓர் ஆளும், சட்டம் சொன்ன கூலியும்தான்.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடி. எங்க தெருவில் ஓர் அக்கா. தலைப்பிள்ளை பெற்ற பிறகு நோய் வந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனான். அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் சுற்றுவாள். விரல் ஓடும். பீடிக் கணக்கு மனசைக் கேட்பதில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்கும் என்பதால் அவளால் அதைச் செய்ய முடிந்தது. ஆனால் பாஸ் புத்தகம் நாத்தனார் பேரில். ‘கோட்டிக்கு எதுக்குப் பாஸ் புக்கு?’ 1966-லேயே பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது, பிறகு வைப்புநிதியும் வந்தது. அவள் சுற்றிய பீடிக்குச் சேர்ந்த நிதி எல்லாம் இன்னொருத்தியின் பேரில் சேர்ந்தது. இதில் ஆதிக்க சாதிக்காரர் யாரும் இல்லை. சுரண்டியது நம் வீடு. இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

இனி முற்றத்தில் விட்ட கதையை முடிக்கிறேன். ஆச்சி மறுநாளிலிருந்து சின்னையாவைத் தொழுவுக்கு அனுப்பவில்லை. கயிற்றுக்கட்டிலில் உட்கார வைத்து, ‘நீ இங்கன இரு’ என்றாள். நாலு நாளில் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாடு அவர் கைக்குத்தான் பழகியிருந்தது. பேச்சு நடந்தது. ‘சரி, பொம்பளக் கூலி போடுதோம்’ என்றார்கள். அதாவது ஆண் கூலியில் பாதி. அரைப் புத்திக்கு அரைக் கூலி. அந்தக் கணக்கில் பெண்களின் புத்தியையும் அரை என்று அவர்கள் சொல்லிக்கொண்டது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை. ஆச்சி தலையை ஆட்டினாள். அவள் வாழ்நாள் முழுக்க வாங்கியதும் அந்தக் கூலிதான்.

முதல் வாரக் கூலியைச் சின்னையா ஆச்சி மடியில் போட்டார். பிறகு கொஞ்சம் நின்று, அதிலிருந்து சில்லறையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். டீக்கடைக்குப் போனார். எங்களுக்கென்று தனியாக வைத்திருந்த கிளாசில்தான் டீ வந்தது. ஆனாலும் காசை மேசையில் அவரே வைத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் காசு கொடுத்துக் குடித்த முதல் டீ அது. அதன் பிறகு ஊரில் அவரைக் கோட்டி என்று கூப்பிடுவது நின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். நிற்கவில்லை. ஆனால் கூலி நிற்காமல் வந்தது, அவர் சாகும்வரை.

2019-ல் தென்காசி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் கிட்டத்தில் வந்துவிட்டது. தோழர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் தெருவில் யார் யார் இப்படி இருக்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். அவர்கள் என்ன சோலி பார்க்கிறார்கள், யாருக்குப் பார்க்கிறார்கள், என்ன கிடைக்கிறது, யார் பேரில் கிடைக்கிறது? சான்றிதழ் இருக்கிறதா? மாத்திரை வாங்கப் போகும் நாளில் வீட்டில் யாருடைய கூலி போகிறது? தமிழ்நாட்டில் 2012-ல் நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேரத்துக்கு முழுக் கூலி என்று அரசாணை வந்ததே, அது உங்கள் ஊரில் மனநோயாளி ஒருவருக்காவது எழுதப்பட்டதா? இந்தக் கணக்கை எந்த அலுவலகமும் நமக்காக எடுத்துவைத்திருக்கவில்லை. எழுதி இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். சோலி என்ன, கூலி என்ன என்பது போதும்.